வளைவில் ஒட்டும் காந்தம்

அப்பாவின் பட்டறையில் வெல்டிங் மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு ஸ்பீக்கர் காந்தம் தொங்கும். திருவிழாவில் கிழிந்துபோன ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றியது. வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும் அதை நைலான் கயிற்றில் கட்டி வைத்திருப்பார். கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகும் வழியில்தான் எங்கள் பட்டறை. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, படகுக்கு இன்ஜின் ஸ்டாண்டு, சில நாள் சுக்கான் பழுது. யார் என்ன பைப் கொண்டுவந்தாலும் அப்பா முதலில் அந்தக் காந்தத்தைத்தான் வைத்துப் பார்ப்பார். 'டப்' என்று ஒட்டினால் எம்.எஸ்., அதாவது சாதா இரும்பு. ஒட்டாமல் வழுக்கினால் எஸ்.எஸ்., துருப்பிடிக்காத எஃகு.

ஆனால் அத்தோடு விட மாட்டார். "ஒட்டலன்னா எஸ்.எஸ்.னு மட்டும்தான் தெரியும். 304-ஆ 202-ஆன்னு காந்தம் சொல்லாது" என்பார். எஸ்.எஸ்.-இன் அந்த இரண்டு வகையுமே ஒட்டாது. ஆனால் 202-ஐக் கடற்காற்றில் போட்டால் கொஞ்ச நாளிலேயே புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். காந்தத்தை மட்டும் நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, விடுமுறையில் பட்டறையில் உட்கார்ந்து காந்தத்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். ஒரு 304 கைப்பிடிப் பைப். நேராக இருந்த இடத்தில் ஒட்டவில்லை. அப்பா வளைத்திருந்த முழங்கை மாதிரியான இடத்துக்கு வந்ததும் காந்தம் லேசாக இழுத்தது. விட்டால் விழுந்துவிடும், ஆனால் இழுப்பு கையில் தெரிந்தது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"அது அப்படித்தான் பாப்பா. வளைச்ச எடத்துல கொஞ்சம் புடிக்கும். அதையே பழுக்கக் காச்சி ஆற விட்டா மறுபடி புடிக்காது."

"ஏன்ப்பா?"

"நெளிச்சா உள்ளுக்குள்ள என்னமோ மாறுது."

அது சரியான பதில் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த 'என்னமோ'வைத் தேடிப் போனதில்தான் அணு அளவில் கணினிச் சிமுலேஷன் செய்யக் கற்றுக்கொண்டேன். இப்போது என்னிடம் படிக்கும் பிள்ளைகள், "மேடம், இதை எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தத் துறை எதைச் செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளில் என்னென்ன அணுக்கள், எந்த அடுக்கில் இருக்கின்றன என்று மட்டும் கணினியிடம் சொல்கிறோம். அது எவ்வளவு கெட்டியானது, மின்சாரம் கடத்துமா, காந்தத்தில் ஒட்டுமா என்பதையெல்லாம் எதையும் உருக்காமல், அறுக்காமல், கணக்குப் போட்டே சொல்ல முயல்கிறோம். இதற்கு வேண்டிய விதி 1926-லேயே கிடைத்துவிட்டது, எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு. 1929-இல் இயற்பியலாளர் டிராக் ஒரு கட்டுரையில், வேதியியல் முழுவதற்கும் இயற்பியலின் பெரும்பகுதிக்கும் தேவையான அடிப்படை விதிகள் தெரிந்துவிட்டன, அந்தச் சமன்பாடுகளைத் தீர்க்க முடியாததுதான் சிக்கல் என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது 26.

எவ்வளவு முடியாதது என்று பார்க்க இரும்பையே எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு இரும்பு அணு. அதில் 26 எலக்ட்ரான்கள். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று சொல்ல நீளம், அகலம், உயரம் என மூன்று எண் வேண்டும், ஆக 78. ஒவ்வொரு திசையிலும் வெறும் பத்துப் புள்ளிகளில் மட்டும் கணக்கிடுவோம் என்று கஞ்சத்தனமாக முடிவெடுத்தாலும், எழுதி வைக்க வேண்டிய எண்கள் 1-க்குப் பின் 78 சுழியங்கள். இந்தப் பூமியில் உள்ள மொத்த அணுக்களே சுமார் 1-க்குப் பின் 50 சுழியங்கள்தான். அணுவுக்கு ஓர் எண் என்று பூமி முழுக்க எழுதினாலும் இடம் போதாது. முதுகலை இரண்டாம் ஆண்டில் எங்கள் பேராசிரியை மேடம் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது வகுப்பில் சத்தமே இல்லை.

அந்தப் பூட்டைத் திறந்தவர் வால்டர் கோன். வியன்னாவில் பிறந்த யூதச் சிறுவன். 1939-இல் நாஜிகளிடமிருந்து தப்பி, பெற்றோரை விட்டுப் பிரிந்து, குழந்தைகளை ஏற்றிச்சென்ற ரயிலில் இங்கிலாந்து போனார். பெற்றோர் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். 1964-இல் ஹோஹன்பெர்க்கோடும் 1965-இல் ஷாமோடும் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகள்தான் எங்கள் துறையின் அஸ்திவாரம். 26 எலக்ட்ரான்களையும் தனித்தனியாகப் பின்தொடர வேண்டாம். ஒவ்வொரு இடத்திலும் எலக்ட்ரான் எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்ற ஒரே ஒரு தகவல் போதும், மிகக் குறைந்த ஆற்றல் நிலையை அதிலிருந்தே சொல்லிவிடலாம் என்று அவர்கள் நிரூபித்தார்கள். அதே பத்துப் புள்ளிக் கணக்கில் இப்போது வெறும் ஆயிரம் எண்கள். அடர்த்திச் சார்பியக் கோட்பாடு என்று இதற்குப் பெயர். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் 'டிஎஃப்டி' என்றுதான் சொல்வார்கள். கோனுக்கு 1998-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இதில் என்னை மிகவும் பாதித்த விஷயம் ஒன்று. அடர்த்தியைக் கொடுத்தால் ஆற்றலைத் தரும் ஒரு சூத்திரம் இருக்கிறது என்றுதான் நிரூபித்தார்கள். அது எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. இன்றுவரை அதன் முழு வடிவம் யாருக்கும் தெரியாது. நாம் பயன்படுத்துவதெல்லாம் அதற்குப் பக்கத்தில் வரும் தோராயங்கள். 1996-இல் பெர்டியூ, பர்க், எர்ன்சர்ஹாஃப் மூவரும் எழுதிய பிபிஇ என்ற தோராயம்தான் நான் அதிகம் பயன்படுத்துவது. ஆகவே எந்த விடை வந்தாலும் அதன் பின்னால் ஒரு தோராயம் உட்கார்ந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் இந்த வேலைக்கு வருகிறவர்கள் பின்னால் கஷ்டப்படுகிறார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ப்ளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி என்னிடம் இருந்தது. 2 ஜிபி நினைவகம். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் வகுப்பில் யாரும் அதைத் திறந்ததுகூட இல்லை. முதுகலைக்குப் புதுச்சேரி போனேன். தினமும் கடலூரிலிருந்து பேருந்து. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம். ப்ராஜெக்ட்டுக்கு என்ன செய்யப் போகிறாய் என்று மேடம் கேட்டபோது, வளைத்த பைப்பில் காந்தம் ஒட்டுவதைச் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விம்மா. ஆனா அதுக்குப் போறதுக்கு முன்னாடி சிலிக்கன் பண்ணு" என்றார்.

சிலிக்கன் ஏன் என்றால், அதன் படிகத்தில் திரும்பத் திரும்ப வருகிற மிகச் சின்னத் துண்டில் இரண்டே அணுக்கள். ஒவ்வொன்றிலும் 14 எலக்ட்ரான் இருந்தாலும், பிணைப்பில் கலந்துகொள்பவை வெளியே உள்ள நான்குதான். உள்ளே உறைந்து கிடப்பவற்றையும் அணுக்கருவையும் சேர்த்து ஒரே பொட்டலமாக்கிவிடலாம்; அந்தப் பொட்டலத்துக்குச் சூடோபொட்டென்ஷியல் என்று பெயர். ஆக, மொத்தம் எட்டு எலக்ட்ரான் கணக்கு. குவாண்டம் எஸ்பிரெசோ என்ற இலவச மென்பொருளை அந்த மடிக்கணினியின் லினக்ஸில் ஏற்ற எனக்கு நான்கு நாள் ஆயிற்று. கணக்கு ஓட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

உள்ளே நடப்பது என்ன? எலக்ட்ரான்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று தெரிந்தால்தான் அவற்றின் மேல் என்ன விசை இருக்கிறது என்று சொல்ல முடியும். விசை தெரிந்தால்தான் எப்படிப் பரவும் என்று சொல்ல முடியும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. கயிற்றுக் கட்டிலை இழுத்துக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு கயிற்றை இழுத்தால் பக்கத்துக் கயிறு தளரும். அதை இழுத்தால் இன்னொன்று. ஒரு சுற்று வந்து, மறுபடி ஒரு சுற்று வந்து, இனி எதை இழுத்தாலும் எதுவும் அசையாது என்கிற நிலை வரும்வரை போக வேண்டும். முதல் சுற்றிலேயே ஒன்றை முழுப் பலத்தோடு இழுத்தால் கட்டில் கோணிக்கொள்ளும். கணினியும் அப்படித்தான் ஒரு ஊகத்தில் ஆரம்பித்து, பழைய அடர்த்தியில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, சுற்றிச் சுற்றி வந்து நிலைக்கு வருகிறது. இப்படி நிலைக்கு வருவதுதான் கன்வர்ஜென்ஸ். சில நேரம் வராமலே போகும். அப்போது கலக்கும் அளவைக் குறைக்க வேண்டும்.

சிலிக்கன் கனசதுரத்தின் பக்க நீளத்தை 5.2 ஆங்ஸ்ட்ராமிலிருந்து (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) 5.7 வரை மாற்றி மாற்றி ஓட்டினேன். ஒவ்வொன்றிலும் ஆற்றலைக் குறித்து வரைந்தால் ஒரு கிண்ணம் வந்தது. கிண்ணத்தின் அடி 5.47-இல். எக்ஸ்ரேயில் அளந்தது 5.43. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. கிண்ணம் எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்பதிலிருந்து அந்தப் பொருளை நசுக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதும் வந்துவிடுகிறது. எந்த நீளத்தில் நிற்க வேண்டும் என்று நான் அதற்குச் சொல்லவில்லை. அணுவின் பெயரையும் அடுக்கையும்தான் சொன்னேன். அன்று இரவு முதுநகர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து அந்தக் கிண்ணத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்று எத்தனை நீளம் என்று எங்கள் வீட்டுத் தரையில் கிடந்த ஒரு மடிக்கணினி சொல்லிவிட்டது.

மறுநாள் மேடத்திடம் காட்டினேன். "டேபிள் எங்க?" என்றார்.

கன்வர்ஜென்ஸ் அட்டவணையைத்தான் கேட்டார். எலக்ட்ரான் அலைகளைப் பல சின்ன அலைகளின் கூட்டலாக மென்பொருள் எழுதுகிறது. எத்தனை அலை வரை கூட்டுவது என்பதை நாம்தான் ஒரு கட்-ஆஃப் எண்ணாகக் கொடுக்க வேண்டும். குறைவாகக் கொடுத்தால் கணக்கு சீக்கிரம் முடியும், விடை தப்பாக இருக்கும். அதிகமாகக் கொடுத்தால் ராத்திரி முழுக்க ஓடும். கட்-ஆஃபை ஏற்றிக்கொண்டே போய், இனி ஏற்றினாலும் விடை மாறவில்லை என்று காட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கே-பாயிண்ட் என்ற இன்னொரு எண்ணுக்கும் இதே வேலை. உலோகம் என்றால் அது இன்னும் நிறைய வேண்டும். அலுப்பான வேலைதான். அந்த அட்டவணை இல்லாத எந்த எண்ணையும் மேடம் பார்க்கவே மாட்டார். இன்று நானும் பார்ப்பதில்லை.

ஏன் இவ்வளவு கறார்? ஓர் இரும்பு அணுவின் எல்லா எலக்ட்ரான்களையும் சேர்த்த மொத்த ஆற்றல், அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகில், 34 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல். ஆனால் இரும்பு எந்தப் படிக வடிவில் இருக்க விரும்புகிறது என்பதைத் தீர்மானிக்கும் வித்தியாசம் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பழைய இரும்பு ஏற்றிய லாரியை எடைமேடையில் இரண்டு முறை நிறுத்தி, நடுவில் எடுத்துவிட்ட ஒரே ஒரு போல்ட்டின் எடையைக் கண்டுபிடிக்கிற மாதிரி. முடியும். ஆனால் இரண்டு முறையும் டிரைவர் இறங்கியிருக்க வேண்டும், இரண்டு முறையும் டேங்கில் அதே டீசல் இருக்க வேண்டும். ஒரு வடிவத்துக்கு ஒரு கட்-ஆஃப், இன்னொன்றுக்கு வேறு கட்-ஆஃப் என்று ஓட்டிவிட்டு ஒப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது.

அப்புறம் இரும்புக்கு வந்தேன். சாதாரண வெப்பநிலையில் இரும்பு பொருள்மையக் கனசதுரம், பிசிசி. கனசதுரத்தின் எட்டு மூலையிலும் அணு, நடு வயிற்றில் ஓர் அணு. மிகச் சின்னத் துண்டில் ஒரே அணுதான் என்பதால் என் மடிக்கணினிக்கு அது தாங்கியது. கட்-ஆஃப் அட்டவணை, கே-பாயிண்ட் அட்டவணை, எல்லாம் ஒழுங்காக முடித்துவிட்டு நீளத்தைக் கணக்கிட்டேன். 2.76 வந்தது. அளந்து கண்டது 2.87. நீளத்தில் 4 சதவீதம் என்றால் பருமனில் 11 சதவீதம். சிலிக்கனில் அவ்வளவு அழகாக வந்த கணக்கு இரும்பில் இப்படிச் சுருங்கிப்போனது ஏன் என்று புரியவில்லை. ஒரு வாரம் கட்-ஆஃபை ஏற்றிக்கொண்டே இருந்தேன். விடை நகரவே இல்லை, அதே 2.76, இன்னும் துல்லியமாக.

மேடம் இன்புட் ஃபைலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "காந்தம் எங்கம்மா?" என்றார்.

எலக்ட்ரானுக்கு ஸ்பின் என்று ஒன்று உண்டு. மேல்நோக்கி, கீழ்நோக்கி என்று இரண்டு வகை. அந்த இரண்டும் எங்கும் சரிபாதியாக இருக்கின்றன என்று நான் கணினியிடம் சொல்லியிருந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை; ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தேன், அதற்கு அதுதான் பொருள். சரிபாதி என்றால் காந்தம் இல்லை. உலகத்தில் இல்லாத ஓர் இரும்பை, காந்தமில்லாத பிசிசி இரும்பை, மிகத் துல்லியமாகக் கணக்கிட்டிருக்கிறேன்.

அன்று மாலைப் பேருந்து கிருமாம்பாக்கம் தாண்டும்போது வயிற்றில் என்னவோ செய்தது. பட்டறையில் அந்த ஸ்பீக்கர் காந்தத்தோடு வளர்ந்தவள் நான். இரும்பைக் கையில் எடுத்ததும் முதலில் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

வீட்டுக்குப் போனதும் ஸ்பின் வரியைச் சேர்த்து ஓட்டினேன். மறுபடியும் 2.76. இந்த முறை காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு வகை ஸ்பின்னுக்கும் இடம் கொடுத்தேனே தவிர, ஆரம்பத்தில் எந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம் என்று சொல்லவில்லை. சமமாக ஆரம்பித்தால் கணக்கு சமமாகவே முடியும். நட்டு வைத்த பென்சில் எந்தப் பக்கம் விழுவது என்று தெரியாமல் நிற்பதைப் போல. சின்னதாக ஒரு தள்ளு கொடுத்தேன். ஒவ்வொரு சுற்றிலும் காந்தத் திருப்புத்திறன் ஏறிக்கொண்டே போய், அணுவுக்கு 2.2 போர் மேக்னட்டானில் (அணுவின் காந்த வலிமையை அளக்கும் அலகு) நின்றது. புத்தகத்தில் உள்ள அதே மதிப்பு. நீளம் 2.83 ஆயிற்று.

காந்தம் வந்ததும் இரும்பு ஏன் பெருக்கிறது? ஒரே பக்கம் ஸ்பின் உள்ள எலக்ட்ரான்கள் ஒன்றை ஒன்று அண்டவிடாது. ஒரு பக்கம் கூட்டம் அதிகமானால் சிலவற்றுக்கு நல்ல இடம் கிடைக்காமல், அணுக்களை ஒட்டவைக்காத, இன்னும் சொன்னால் விலக்கிவைக்கிற மேல்நிலைகளுக்குப் போக வேண்டியிருக்கிறது. பிணைப்பு கொஞ்சம் தளர்கிறது, அணுக்கள் நகர்ந்து நிற்கின்றன. ஆக, காந்தம் என்பது இரும்பின் மேல் பூசிய ஒரு குணம் அல்ல. அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதிலேயே இருக்கிறது. இந்த இடத்தில் பெரியவர்களும் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 1980-களில் வழக்கத்தில் இருந்த பழைய தோராயம், காந்தத்தைச் சேர்த்துக் கணக்கிட்டும்கூட, இரும்பின் அடிநிலை பிசிசி இல்லை என்று தவறாகச் சொன்னது. இரும்பு ஒட்டுகிறதா இல்லையா என்பதையே தப்பாகச் சொன்ன மாதிரி. அடுத்து வந்த, பிபிஇ வகைத் தோராயங்கள்தான் அதைச் சரிசெய்தன.

இனிமேல்தான் பைப்பின் வளைவு. 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. நிக்கல் இருப்பதால் அதன் படிகம் வேறு வடிவில் இருக்கிறது: முகப்புமையக் கனசதுரம், எஃப்சிசி. வயிற்றில் அணு இல்லை, ஆறு முகங்களின் நடுவில் இருக்கிறது. அந்த வடிவில் அது காந்தத்தில் ஒட்டாது. அப்பா பைப்பைக் குளிர்ந்த நிலையில் வளைக்கும்போது, வளைவில் சில பகுதிகள் அந்த அடுக்கிலிருந்து சறுக்கி பிசிசிக்கு ஒத்த அடுக்குக்கு மாறிவிடுகின்றன. மார்ட்டென்சைட் என்பார்கள். அது ஒட்டும். பழுக்கக் காய்ச்சினால் மறுபடி எஃப்சிசி. அப்பா சொன்ன 'என்னமோ' இதுதான்.

ஒரு வடிவம் இன்னொன்றாவதற்கு 1924-இல் பெயின் என்பவர் ஒரு வழி சொன்னார். எஃப்சிசியைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் அது உயரமாக இழுக்கப்பட்ட பிசிசிதான். உயரம் அகலத்தைப் போல 1.414 மடங்கு. அந்த உயரத்தை அமுக்கிக்கொண்டே வந்து 1 ஆக்கினால் பிசிசி. இதை மட்டும் சுத்த இரும்பில் கணக்கிட்டேன். 1.414-இலிருந்து 1 வரை பதினைந்து படிகள். எஃப்சிசி பக்கத்தில் கணக்கு நிறையக் குழப்பியது. பருமனைக் கொஞ்சம் மாற்றினால் காந்தம் சின்னதாக ஒரு விடை, பெரிதாக இன்னொரு விடை. பிசிசியை நெருங்க நெருங்கக் காந்தம் உறுதியாக எழுந்து நின்றது.

அந்த வரைபடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் காட்டினேன். கைகழுவிவிட்டு வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"இது நேர் பைப்பு. இது வளைஞ்சது. அப்படித்தானே?"

"ஆமாம்ப்பா. ஆனா இது சுத்த இரும்பு. நம்ம பைப்புல குரோமியம், நிக்கல் எல்லாம் இருக்கு. அது இன்னும் இதுல இல்ல. சூடும் இல்ல, இது சுழிக்கும் கீழ 273 டிகிரில போட்ட கணக்கு."

"அப்ப இது நம்ம பைப்பு இல்ல."

"இல்லப்பா."

"சரி. அதையும் போடு."

கொஞ்ச நேரம் கழித்து, "இதுல அணு ஆடுமா, சும்மா நிக்குமா?" என்று கேட்டார். அடுத்த படியை அவரே கேட்டுவிட்டார். சூடு என்பதே அணுக்களின் ஆட்டம்தானே. அணுக்களை ஓடவிட்டுப் பார்க்கும் முறைக்கு மூலக்கூறு இயக்கவியல் என்று பெயர். அணுக்களுக்கு நடுவே உண்மையான ஈர்ப்பு விலக்கு விசைகளை வைத்து முதன்முதலில் ஒரு திரவத்தைக் கணினியில் ஓடவிட்டவர் ஹைதராபாத்தில் பிறந்த அனீசூர் ரஹ்மான். 1964, அமெரிக்காவின் ஆர்கோன் (Argonne) ஆய்வகம். 864 ஆர்கான் அணுக்கள். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம்.

864 அணு எப்படி ஒரு குவளைத் திரவமாகும்? பழைய நோக்கியா போனில் பாம்பு விளையாட்டு ஆடியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பாம்பு வலது ஓரத்தில் வெளியேறினால் இடது ஓரத்தில் நுழையும். அணுக்களையும் அப்படி வைத்தால் பெட்டிக்குச் சுவர் கிடையாது. சின்னப் பெட்டிதான், ஆனால் எந்த அணுவும் விளிம்பில் இல்லை. ஒவ்வொரு அணுவின் மேலும் உள்ள விசையைக் கணக்கிட்டு, நியூட்டன் விதிப்படி கொஞ்சம் நகர்த்தி, மறுபடி கணக்கிட வேண்டும். 'கொஞ்சம்' என்பது ஒரு ஃபெம்டோ விநாடி அளவு. ஒரு நானோ விநாடி நேரத்தைப் பார்க்கவே பத்து லட்சம் படிகள்.

அதனால்தான், 2022 மார்ச்சில் புதுச்சேரி பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி கடலில் சரிந்தபோது அப்பா கேட்ட கேள்விக்கு என்னால் ஆமாம் சொல்ல முடியவில்லை. "எப்ப துரு புடிச்சு விழும்னு உன் கம்ப்யூட்டர் சொல்லுமா?" சொல்லாது. துரு வருடக்கணக்கில் வேலை செய்கிறது. என் அணுக்கள் நானோ விநாடிகளில் வாழ்கின்றன. தண்ணீர், உப்பு, வெயில், சிமெண்டில் உள்ள விரிசல், எல்லாம் சேர்ந்தது அது. இன்னொரு சங்கடமும் உண்டு. இரும்பு ஆக்சைடுகளில் ஒன்றான எஃப்இஓ மின்சாரம் கடத்தாது. சாதாரண டிஎஃப்டி அதை உலோகம் என்று சொல்கிறது. இரும்பின் உள் எலக்ட்ரான்கள் ஒன்றை ஒன்று எவ்வளவு வலுவாக ஒதுக்குகின்றன என்பது அந்தத் தோராயத்துக்குப் பிடிபடவில்லை. அதற்குத் தனித் திருத்தம் சேர்க்க வேண்டும். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி கொடுத்த சிலிக்கனிலும் இதேதான்: நீளம் சரி, ஆனால் எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி 1.1-க்குப் பதில் 0.6 எலக்ட்ரான் வோல்ட் என்று வரும். எதைக் கேட்டால் சரியாகச் சொல்லும், எதைக் கேட்டால் தப்பாகச் சொல்லும் என்று தெரிந்துகொள்வதுதான் இந்தப் படிப்பில் பாதி. ஒட்டவில்லை என்றால் 304 என்று சொல்லிவிடாத அப்பாவிடம் நான் அதை முன்பே கற்றிருக்க வேண்டும்.

இப்போது இயந்திரக் கற்றல் வந்திருக்கிறது. டிஎஃப்டியில் போட்ட ஆயிரக்கணக்கான கணக்குகளைக் காட்டி ஒரு நரம்பு வலையைப் பழக்கினால், அது விசையை மிக வேகமாகச் சொல்லிவிடும். பேலரும் பாரினெல்லோவும் 2007-இல் காட்டிய வழி. லட்சக்கணக்கான அணுக்களை ஓடவிட முடிகிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் பழக்கியவர் ஸ்பின் வரியை விட்டிருந்தால் அதுவும் 2.76-ஐத்தான் கற்றிருக்கும், மின்னல் வேகத்தில் அதையே திருப்பிச் சொல்லும்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பெரிய கணினி இல்லையே என்று காத்திருக்காதீர்கள். குவாண்டம் எஸ்பிரெசோவும், அணுக்களை ஓடவிடும் லாம்ப்ஸ் மென்பொருளும் இலவசம். லினக்ஸில் ஃபைலை நகர்த்த, திருத்த, தேடத் தெரிந்தால் போதும், மீதி தானாக வரும். அணி இயற்கணிதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். உள்ளே நடப்பது முழுக்க அதுதான். முதலில் சிலிக்கன், அப்புறம் அலுமினியம், அப்புறம் உப்பு. நம் வீட்டு உப்பின் கனசதுரம் 5.64 ஆங்ஸ்ட்ராம், உங்கள் கணக்கில் கொஞ்சம் பெரிதாக வரும், ஏன் என்று யோசியுங்கள். கையேடுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதனால் பல நல்ல பிள்ளைகள் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. கன்வர்ஜென்ஸ் என்றால் கயிற்றுக் கட்டில் என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும். சனிக்கிழமை மதியங்களில் நாங்கள் ஆறேழு பேர் உட்கார்ந்து அதைத்தான் செய்கிறோம். போன வாரம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி நிக்கலைக் கணக்கிட்டுக் கொண்டுவந்தாள். ஃபைலைத் திறக்கும் முன்பே, "காந்தம் போட்டிருக்கேன் மேடம்" என்றாள்.

குரோமியமும் நிக்கலும் கலந்த 32 அணுப் பெட்டி இப்போது கல்லூரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த இடத்தில் எந்த அணு என்று கலைத்துக் கலைத்துப் போட வேண்டியிருப்பதால் ஒரு பெட்டி போதாது, பல வேண்டும். அதற்குள் அப்பா தன் பங்கைச் செய்துவிட்டார். ஒரு 304 பைப்பின் வளைவை ஏழு துண்டாக அறுத்து, சாக்பீஸால் எண் போட்டு, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். கட்டிங் மெஷினைத் தொடவில்லை. சூடேறினால் உள்ளே மாறியது திரும்ப மாறிவிடும் என்று, இரண்டு நாள் உட்கார்ந்து ஆக்ஸா பிளேடால், தண்ணீர் விட்டு விட்டு, கையால் அறுத்திருக்கிறார். நான்காம் துண்டில் காந்தம் நன்றாகப் பிடிக்கிறது. செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரே கருவியில் எங்களுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஏழு துண்டையும் எடுத்துக்கொண்டு காலை முதல் பேருந்தில் போகிறேன்.